செம்பனைக்குள் உயர்ந்த கை

அத்தியாயம் 11

குறுக்கு வழி கமலநாதனின் யோசனை. அதை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுவது நல்லது. அன்றைக்கு அடுத்தடுத்து நடந்தவற்றில், அவரைத் திட்டுவதற்குக்கூட யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

அக்காள் மகள் லோஷினி காலையிலேயே படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். "மாமா, கூலாய் வரைக்கும் மெயின் ரோடுதான். உள்ள எங்கயும் திரும்பாதீங்க. ப்ளீஸ் லா."

ஏதோ போலீஸ் பர்மிட் சமாச்சாரம் என்று கமலநாதன் நினைத்துக்கொண்டார். தம்போயில் காலமெல்லாம் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். குறுக்கு வழி இல்லாமல் அவருக்குக் கியரே விழாது. அதிலும் கூலாய்க்கு முன்னால் வருவது அவர் பிறந்த தோட்டம். வெயில் மண்டையைப் பிளந்தது. லாரிகள் நடப்பவர்களின் சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாகப் பறந்தன. இவர் மட்டும் ஏர்கோன் குளிரில் உட்கார்ந்தபடி வேனை அவர்களுக்குப் பின்னால் உருட்டிக்கொண்டு வந்தார். மனம் கேட்கவில்லை. மைக்கை எடுத்தார்.

"வீரர்களே! சோத்துக்கைப் பக்கம் மண்ரோடு தெரியுதா? அதுல திரும்புங்க. நெழல்லயே போலாம். நான் பொறந்த எடம், கண்ணக் கட்டி விட்டாலும் வெளிய வந்துருவேன்!"

ஒரு சின்னக் கணக்கை அவர் போடவில்லை. அவர் பிறந்தபோது அது கித்தாக் காடு, ரப்பர் மரங்கள். வரிசை வரிசையாக வெளிச்சம் விழும். அந்தக் கோடியில் யார் வருகிறார்கள் என்று இந்தக் கோடியிலிருந்து பார்க்கலாம். இப்போது அங்கே நின்றது செம்பனை, எண்ணெய்க்காக வளர்க்கிற பனை. மட்டைகள் தலைக்கு மேல் கோத்துக்கொண்டு உச்சி வெயிலைக்கூட உள்ளே விடவில்லை. வெட்டிப்போட்டவை இரண்டு பக்கமும் குவிந்து மக்கிக் கிடந்தன. கொஞ்ச தூரம் போனதுமே எல்லாத் திசையும் ஒரே திசையாகிவிட்டது.

முன்னால் போனவர்கள் மஞ்சள் பனியன் போட்ட பத்துப் பன்னிரண்டு பேர். தொந்தி, மூட்டு வலி, சர்க்கரை என்று ஆளுக்கொரு பதக்கம் வாங்கியவர்கள். எல்லாரும் முன்னாள் ராணுவத்தினர். பத்து பாகாட்டில் கிளம்பி நாளை தம்போயில் முடியும் நடை இது. படையை விட்டு வந்த பிறகும் தூங்க முடியாதவர்கள், கதவு அடித்துச் சாத்தினால் வியர்த்துப் போகிறவர்கள், இவர்களுக்கெல்லாம் பேச ஓர் இடமும் கேட்க ஓர் ஆளும் வேண்டும். அதற்கான நிதி. லோஷினிதான் ஆரம்பித்தாள். அவள் அப்பாவின் உயிர்க் கூட்டாளி வேலு போன வருடம் இறந்தபோது எல்லாரும் 'ஹார்ட்' என்றார்கள். ஹார்ட் இல்லை என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

ஜோகூரில் ஒருவரைப் பார்த்து 'தம்போய்க்கு அனுப்பணும்' என்றால் என்ன அர்த்தம் என்று சொல்ல வேண்டியதில்லை. மனநல மருத்துவமனை அங்கேதான் இருக்கிறது. முதல் நாள் பத்து பாகாட்டில் கமலநாதன் மைக்கில் அதைத்தான் சொன்னார்: "எல்லாரையும் வண்டியில ஏத்தித் தம்போய்க்கு அனுப்புவாங்க. நாங்க சொந்தக் கால்ல போறோம்!" கூட்டம் சிரித்தது. எல்லாரையும் விட அதிகமாகச் சிரித்தவர் ஜெயபாலன், லோஷினியின் அப்பா, கமலநாதனின் அக்காள் கஸ்தூரியின் கணவர். மற்றவர்களுக்கு இன்றைக்கும் அவர் சார்ஜன்.

அந்த ஜெயபாலன்தான் இப்போது எல்லாருக்கும் முன்னால் நடந்துகொண்டிருந்தார். நின்றார். வலது கை மெதுவாக மேலே போனது. விரல்கள் மூடின.

பின்னால் வந்த அத்தனை பேரும் அந்த நொடியே கீழே போனார்கள். ஒரு முழங்கால் மண்ணில். ஒருவர் பார்வை இடப்பக்கம், அடுத்தவர் பார்வை வலப்பக்கம். மூட்டு ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்த ரோலண்ட்கூட ஒரு முனகல் இல்லாமல் உட்கார்ந்தார். நன்கொடை டின் வைத்திருந்தவர் அது குலுங்கிவிடாமல் வயிற்றோடு அணைத்துக்கொண்டார்.

கமலநாதனுக்குச் சிரிப்பு வந்தது. கையில் மைக்கும் இருந்தது. இந்த இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது அவரைத் தெரிந்த எல்லாருக்கும் தெரியும்.

"அலமாக்! என்னங்க, எல்லாருக்கும் ஒரே நேரத்துல முட்டி போச்சா?"

ஒலிபெருக்கியிலிருந்து கிளம்பிய அந்தக் குரல் மரங்களுக்குள் நெடுந்தூரம் போயிற்று. ஒருவரும் அசையவில்லை. ஜெயபாலன் மட்டும் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தில் கோபம் இருந்திருந்தால் கமலநாதனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கோபம் இல்லை. இந்த மனுசன் யார் என்று அது யோசித்துக்கொண்டிருந்தது.

கமலநாதன் மைக்கை அணைத்தார். பிறகு எஞ்சினையும் அணைத்தார். தன் மூச்சை எப்படி அணைப்பது என்று தெரியவில்லை.

பாதையின் குறுக்கே, புல்லுக்குள், கணுக்கால் உயரத்தில் ஒரு கம்பி. பழக்குலை திருட மோட்டார் சைக்கிளில் வருகிறவர்களைத் தடுக்கத் தோட்டத்துக்காரர்கள் கட்டியது. அவ்வளவுதான், வெடி ஒன்றும் இல்லை. ஜெயபாலன் ஒரு முழங்கால் ஊன்றி, அதன் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் கண்ணாலேயே போய் வந்தார். பிறகு எழுந்து சிலுவாரின் முட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டார்.

"திரும்பு," என்றார்.

திரும்பினார்கள். ஒருவரும் ஒருவரோடும் பேசவில்லை. வேனைத் திருப்ப இடமில்லாததால் கமலநாதன் மெயின் ரோடு வரைக்கும் பின்னோக்கியே ஓட்டி வந்தார். கண்ணாடியில் வெளிச்சம் தெரியும்வரை அவர் முன்பக்கம் பார்க்கவே இல்லை.

* * *

தோட்டத்து முகப்பில் இருந்த முனீஸ்வரர் கோயில் கொட்டகையில்தான் மதியச் சாப்பாடு. கஸ்தூரியும் லோஷினியும் காரில் கொண்டு வந்திருந்தார்கள். சோற்றைக் கண்டதும் எல்லாருக்கும் வாய் திரும்ப வந்துவிட்டது. "கமலநாதன் நம்மள இந்தோனேசியாவுக்கே கூட்டிட்டுப் போயிருப்பாரு லா!" என்றார் ஒருவர். சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

லோஷினி சிரிக்கவில்லை. வேனுக்குப் பின்னால் அவரை இழுத்துக்கொண்டு போனாள்.

"இதுக்குத்தான் மாமா உள்ள திரும்பாதீங்கன்னேன். அப்பா மரம் அடர்த்தியா இருக்கற எடத்துக்கே போறதில்ல. நீங்க கவனிச்சதில்லயா? குளுவாங் அத்தை வீட்டுக்கு ஏன் போறதில்லன்னு நெனச்சீங்க? அவங்க வீட்டுக்குப் பின்னால செம்பனை."

கமலநாதன் கவனித்ததில்லை. மச்சானுக்கு அந்த அத்தையின் சமையலைப் பிடிக்காது என்று நினைத்து, அதை வைத்தே ஜோக் அடித்து எத்தனையோ தீபாவளிகளை ஒப்பேற்றியிருந்தார்.

"படையில இருந்தப்ப காட்டுல என்னதான்மா நடந்துச்சு?"

"அத அவரு சொல்லியிருந்தா நான் எதுக்கு மாமா ஊரக் கூட்டி இந்த நடைய நடத்தறேன்?"

அதற்குள் கஸ்தூரி காரிலிருந்து கூப்பிட்டாள். "தம்பி, இங்க வா. ஒனக்கு ஒண்ணு இருக்கு."

பின்பக்கத்தைத் திறந்தாள். துணி போர்த்திய கூண்டு. உள்ளே ஜெயபாலனின் மெர்போக்.

அது கைக்குள் அடங்குகிற ஒரு சின்னப் புறா. அதன் குரலுக்காகவே ஜோகூரில் ஆட்கள் அதைப் பெற்ற பிள்ளையைப் போல வளர்ப்பார்கள். ஜெயபாலன் வீட்டு வாசலில் அதற்கென்றே உயரமான கம்பம் உண்டு. காலையில் கயிற்றை இழுத்துக் கூண்டை உச்சியில் ஏற்றுவார். வெயில் தாழ்ந்ததும் இறக்குவார். அதைத் தனக்குத் தரச் சொல்லிக் கமலநாதன் கேட்காத நாள் இல்லை. 'எங்க வூட்டுல என் கொறட்டைய விட்டா வேற பாட்டு இல்ல மச்சான்' என்பார். 'வேன் ஹாரன வளத்துக்கோ' என்பார் ஜெயபாலன்.

"ஒன்கிட்ட குடுக்கச் சொன்னாரு," என்றாள் கஸ்தூரி. "நாளைக்கு நடை முடியறப்ப கூட்டமா இருக்கும், இன்னைக்கே குடுத்துடுன்னாரு."

"மச்சானுக்கு என்னக்கா, திடீர்னு தர்ம சிந்தனை?"

"இப்பல்லாம் அப்படித்தான்டா." அக்காள் முகம் மலர்ந்தது. "கோபமே வர்றதில்ல. நல்லாத் தூங்குறாரு. வாசக் கேட்டு, குழா, கூரை ஓட்டை, எல்லாத்தயும் ரிப்பேர் பண்ணிட்டாரு. போன வாரம் என்னய ஒக்கார வெச்சு அடுப்பு கேஸ் தோம்பு எப்படி மாத்தறதுன்னு காட்டறாரு! கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அதத் தொட விட்டதில்ல. கார் ரோட்டேக்ஸ் எங்க போய்க் கட்டணும், யார்கிட்ட கேக்கணும்னு ஒண்ணொண்ணா..."

சிரித்துக்கொண்டே ஆரம்பித்தவள், சொல்லிக்கொண்டே வந்தபோது எங்கேயோ சிரிப்பை விட்டுவிட்டாள்.

"நல்லதுதானே, தம்பி?"

"நல்லதுதான்கா," என்றார் கமலநாதன். 

கையில் தட்டோடு அந்தப் பக்கம் வந்த ரோலண்ட் கூண்டைப் பார்த்து நின்றார். "இது வேலுவோடது."

"ஆமா. வேலுதான் மச்சானுக்குக் குடுத்தாரு. மச்சான் எனக்குக் குடுத்துட்டாரு. பரம்பரைச் சொத்து மாதிரி கை மாறி வருது."

ரோலண்டின் வாய் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தியது. "வேலு எப்பக் குடுத்தான்னு ஒனக்குத் தெரியுமா?"

"எப்ப?"

ரோலண்ட் கஸ்தூரியைப் பார்த்தார். வாயில் இருந்ததை விழுங்கினார். "சம்பல் சூப்பரா இருக்கு சிஸ்டர். நீங்க செஞ்சதா, கடையா?"

கமலநாதன் அவரைத் தண்ணீர்க் குழாய் வரைக்கும் துரத்திக்கொண்டு போனார். "எப்பன்னு கேட்டேன், ரோலண்ட்."

"விடு லா."

"சொல்லுங்க."

"நீ ஜோக் அடிக்கிற ஆளு. போய் ஜோக் அடி. சார்ஜன சிரிக்க வை." ரோலண்ட் ஏற்கெனவே கழுவிய கையை மறுபடியும் கழுவினார். "அவர் சிரிச்சா எங்களுக்கும் கொஞ்சம் தெம்பா இருக்கும்."

யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. குழாயடியில் நின்றபோது கமலநாதனுக்கே நினைவு வந்தது. வேலுவை எடுத்த அன்று, சுடுகாட்டிலிருந்து எல்லாரும் ஜெயபாலன் வீட்டுக்குத்தான் வந்தார்கள். கம்பத்து உச்சியில் புதிதாக ஒரு கூண்டு. உள்ளேயிருந்து அது பாடிக்கொண்டே இருந்தது. 'யாரு வூட்டுப் புறா இது, நேரம் காலம் தெரியாம?' என்று ஒரு கிழவர் கேட்டதற்கு, ஜெயபாலன் சொன்ன பதில்: 'அவனோடதுதான். இந்த வாரம்தான் கொண்டாந்து குடுத்தான்.'

அதே கூண்டுதான் இன்றைக்குக் கமலநாதனுக்கு வந்திருக்கிறது.

லோஷினியைத் தேடிப் போனார். அவள் காரின் பின்பக்கம் கூண்டுக்கு முன்னால் அசையாமல் நின்றாள். அவளுக்கும் கணக்குப் புரிந்துவிட்டது என்று பார்த்தவுடனே தெரிந்தது. கஸ்தூரி தட்டு எடுக்கப் போயிருந்தாள்.

"நேராக் கேக்கணும், மாமா," என்றாள் மெதுவாக. "இந்த நடைக்கு முன்னால எங்களுக்குப் பயிற்சி குடுத்தாங்க. சுத்தி வளைக்கக் கூடாது. 'சாகணும்னு நெனக்கிறீங்களா'ன்னே கேக்கணும். கேக்கறதால யாருக்கும் அந்த நெனப்பு புதுசா வந்துடாதாம்."

"நீ கேட்டியாமா?"

"நேத்து ராத்திரி கேட்டேன். 'சாப்டியாமா'ன்னு என்னயத் திருப்பிக் கேட்டாரு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க கேளுங்க."

"நானா? நான் கேட்டா சிரிப்பாரும்மா."

"ரோலண்ட் அங்கிள் கேட்டா ரிப்போர்ட் குடுக்கற மாதிரி 'ஆல் குட்'ம்பாரு. அம்மா கேட்டா பொய் சொல்லுவாரு. எல்லாருக்கும் ஒரு பதிலத் தயாரா வெச்சிருப்பாரு மாமா, உங்களத் தவிர. நீங்க இப்படிக் கேப்பீங்கன்னு யாருமே எதிர்பாக்க மாட்டாங்க."

இவ்வளவு மரியாதையாக அவரை இதுவரை யாரும் அவமானப்படுத்தியதில்லை. அவள் சொன்னது அத்தனையும் உண்மை என்பதுதான் இன்னும் மோசம்.

கொட்டகைக்குப் போனார். ஜெயபாலன் உட்கார்ந்திருந்த இடத்தில் தட்டு துடைத்தது போலக் காலியாக இருந்தது. மஞ்சள் தொப்பி மடித்து அதன் பக்கத்தில் வைக்கப்பட்டிருந்தது. கழிவறையில் ஆள் இல்லை. சாமி முன்னால் ஆள் இல்லை. சாலையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இல்லை.

"ஒன் மச்சான் எங்கடா?" என்றாள் கஸ்தூரி.

"தே ஓ குடிக்கப் போயிருப்பாருக்கா."

பக்கத்தில் எங்கும் டீக்கடை இல்லை என்பது அக்காளுக்கும் தெரியும். அவள் துடைத்த தட்டையே மறுபடி துடைத்தாள்.

"ரோலண்ட கூட்டிக்கிட்டுப் பின்னாலயே வா," என்று லோஷினியிடம் சொல்லிவிட்டுக் கமலநாதன் மண்ரோட்டில் இறங்கினார்.

* * *

நடைப்பயணம் தொடங்கியதிலிருந்து அவர் நடந்தது அதுதான் முதல் தடவை. காலில் ரப்பர் சிலிப்பர். அது அடிக்கிற சத்தம் அவருக்கே பொறுக்கவில்லை; கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

கூலாய்ப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மட்டைகளுக்கு மேல் காற்று போவது கேட்டது, உள்ளே ஓர் இலைகூட அசையவில்லை. பிறந்த இடம் என்று பெயர். லயத்து வீடு எங்கே இருந்தது, கிணறு எங்கே இருந்தது, ஒன்றும் தெரியவில்லை. முன்பு வேன் பதித்த டயர்த் தடம் மட்டும்தான் வழி காட்டியது. அந்தத் தடத்தின் மேலேயே புதிதாக ஒரு ஜோடி ஷூ தடம் பதிந்திருந்தது. உள்ளே போகிற தடம். திரும்பி வருகிற தடம் இல்லை.

அவர் மனதில் வழக்கம்போல வரிசையாக ஜோக்குகள் வந்தன. 'என்ன மச்சான், கம்பிய மறந்து வெச்சிட்டுப் போயிட்டீங்களா?' ஒன்று. 'அக்கா சமையலுக்குப் பயந்து காட்டுக்கே ஓடி வந்துட்டீங்களா?' இன்னொன்று. எல்லாம் நல்ல ஜோக்குகள்தான். ஒவ்வொன்றாகக் கீழே போட்டுக்கொண்டே நடந்தார்.

ஜெயபாலன் கம்பிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். முதுகு இந்தப் பக்கம். திரும்பாமலேயே வலது கையைத் தூக்கினார். முஷ்டி.

கமலநாதனுக்கு முழங்கால் போடும் வித்தை தெரியாது. அதனால் முழுசாக உட்கார்ந்துவிட்டார், ஈர மண்ணில். சிலுவாருக்குள் ஈரம் ஏறியது.  கை இறங்கவில்லை.

பிறகு எழுந்து, கிட்டே போய், அந்தக் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். கூட்டமான பஸ்ஸில் மேலே உள்ள கம்பியைப் பிடிப்பது போல. பிடித்துக் கீழே கொண்டுவந்தார். சில்லென்று இருந்தது.

"ஏன்டா வந்த?" என்றார் ஜெயபாலன்.

"புறா குடுத்திருக்கீங்க. தேங்க்ஸ் சொல்லலாம்னு."

"தீனி கஸ்தூரிகிட்ட இருக்கு. காலைல வெயில் ஏறுறதுக்கு முன்னால ஏத்திரு. இடி இடிச்சா மறக்காம இறக்கிரு, பயந்துக்கும்."

தூரத்தில் இடி உருண்டது. கையில் இருந்த முஷ்டி இறுகியது.

"அந்தக் கம்பிக்கு அந்தப் பக்கம் என்ன மச்சான் இருக்கு?"

"என்ன இருக்கும்? செம்பனை." ஜெயபாலன் சிரித்தார். நல்ல, சாந்தமான சிரிப்பு. அக்காள் சொன்னது இதைத்தான் போலிருக்கிறது. "வேலு எப்பவும் எனக்குப் பின்னாலதான் வருவான்டா. நான் கையத் தூக்குனா நிப்பான். மூச்சு விடக்கூட என்னயக் கேப்பான். போன வருசம் என்னயக் கேக்காமயே முன்னால போயிட்டான்."

"மச்சான்..."

"போலாம் வா. மழை வருது. எல்லாரும் தேடுவாங்க."

இதுதான் அந்த இடம் என்று கமலநாதனுக்குத் தெரிந்தது. இங்கே ஒரு ஜோக் சொன்னால் இருவரும் சிரித்துக்கொண்டே வெளியே போய்விடலாம். நாளைக்குத் தம்போயில் மாலை போடுவார்கள். போட்டோ எடுப்பார்கள். அதற்குப் பிறகு கூட்டம் கலையும்.

கையை விடவில்லை.

"மச்சான், நீங்க சாகணும்னு நெனக்கிறீங்களா?"

மைக் இல்லாமல் அவர் குரல் இவ்வளவு சின்னது என்று அவருக்கே அன்றுதான் தெரிந்தது. வேன் ஜன்னலிலிருந்து தலையை நீட்டி, 'நாளைக்குப் புள்ள வருதா?' என்று கேட்பதைப் போல வந்து விழுந்தது கேள்வி.

ஜெயபாலன் அவர் முகத்தையே பார்த்தார். சிரிப்பு எப்போது வரும் என்று காத்திருப்பது போலப் பார்த்தார். சொல்லி முடித்ததும் கண்ணடிப்பது கமலநாதனின் பழக்கம். கண்ணடிக்கவில்லை. மூக்கு மட்டும் ஒழுகிக்கொண்டிருந்தது. துடைக்கக் கை காலியில்லை.

மட்டைகளின் மேல் மழை வந்து விழுந்தது. உள்ளே இன்னும் நனையவில்லை. பின்னால் எங்கோ லோஷினி "அப்பா!" என்று கூப்பிடுவது கேட்டது.

மூடியிருந்த விரல்கள் கமலநாதனின் கைகளுக்குள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன.

"ஆமாடா, நாதா," என்றார் ஜெயபாலன். "புள்ள ஆரம்பிச்ச நடை. அது முடியட்டும்னுதான் இருக்கேன்."